ஒருநாள் தொண்டு
(தாம்பரத்தில் நடந்த வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் இங்கு என்ன பேசவேண்டும் என்பதை இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் நேற்று மாலைதான் சொன்னார்கள். நம் பக்கத்து வாலிபர்கள் சிலர் கப்பலேறி யாழ்ப்பாணம் பார்த்துவரப் போகிறார்களாம். போகிற இடத்தில் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒரு நாளை அவ்வூர் ஏழை ஜனங்களுக்குத் தொண்டு செய்வதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்களாம். அதற்காகப் பழைய துணிகளும் நோட்டுப் புத்தகங்களும் மூட்டை மூட்டையாய்ச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களை நான் வாழ்த்தி வழியனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

வாழ்த்துவது காசு செலவில்லாத காரியம். ஆதலால் அதை யாரும் தாராளமாகச் செய்துவிடலாம். ஆனால் நான் அதற்குப் பதிலாகச் சில கேள்விகள் கேட்கலாம் என்றிருக்கிறேன். வாலிபர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் சொல்வதை நான் சொல்வதற்காக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பலேறிப் போகிறவன் கரையிலுள்ள மனிதனைப் பற்றி நினைக்கிறான் என்பதே நல்ல காரியந்தான். சமுத்திரம் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று நம்மைப் பயமுறுத்தி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்தைக் கடந்து, போகிற இடத்து மனிதனும் நம்மைப்போன்ற மனிதன்தானே என்கிற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷமே. தொண்டு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. அது யாருக்காக என்பதுதான் கேள்வி.

வாங்கினவன் சொல்லுகிறேன்

இதைப்பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் கொடுத்துப் பழகினவன் அல்ல, வாங்கினவன். அதுதான் என் யோக்கியதை. நான் முடிச்சூர்க்காரன். 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இங்குள்ள தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் காலையில் கணக்கெடுத்தபோது தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் என்றார்கள். அடையாற்றின் தலைமாட்டிலுள்ள ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆறாகவே ஆகிவிட்டன. மீனம்பாக்கம் விமான நிலையத்தையே சில நாள் மூடும்படி ஆயிற்று என்றால் எங்கள் வீடுகள் எம்மாத்திரம்? நாங்கள் மொட்டை மாடியில் இரண்டு இரவு இருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு உதவி செய்ய வந்தவர்கள் அனேகம் பேர். அவர்களில் இரண்டு கூட்டத்தாரைப்பற்றி மாத்திரம் சொல்லுகிறேன். பெயர் சொல்லமாட்டேன்.

முதல் கூட்டத்தார் ஒரு வேனில் வந்தார்கள். வேனின் முன்னால் துணியில் எழுதிய பெரிய விளம்பரம் ஒன்று கட்டியிருந்தது. எங்களை வரிசையாய் நிற்கச் சொன்னார்கள், நின்றோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பை கொடுத்து, பையை உடனே வாங்கிக்கொள்ளாமல், கொடுக்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் அதன்மேல் இருக்கும்படி வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா, கொஞ்சம் சிரியுங்கள்" என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கிழிந்த சேலையும், ஜோடி இல்லாத ஒற்றைச் செருப்பும், ஒரு பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் குடிக்கத் தண்ணீரும், வீட்டுக்குள் முழங்காலளவு நின்ற சேற்றை வாரிப்போட நாலு மண்வெட்டியுந்தான். அதை அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு நேரமில்லை, இன்னும் மூன்று தெரு பாக்கி இருந்தது.

இரண்டாவது கூட்டத்தார் ஆறேழு வாலிபர்கள். வெறுங்கையோடு வந்தார்கள். வந்ததும் அவர்கள் கேட்ட முதல் வார்த்தை, "ஐயா, உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்பதுதான். சேறு என்றோம். போய் மண்வெட்டி கொண்டுவந்தார்கள். மூன்று நாள் இருந்தார்கள். நாங்கள் சமைத்ததை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் என்ன ஜாதி என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் என்ன ஜாதி என்று அவர்களும் கேட்கவில்லை. போகும்போது எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு அவர்களோடு கூடப் போனார்கள். தோழர்களே! முதல் கூட்டத்தார் எங்களைப் பிச்சைக்காரர்களாக ஆக்கிவிட்டுப் போனார்கள். இரண்டாவது கூட்டத்தார் எங்களையே தொண்டர்களாக ஆக்கிவிட்டுப் போனார்கள். நான் பேசவந்த விஷயம் முழுவதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இந்த இடத்தில் வேறு இரு சாராரைப்பற்றியும் சொல்லாவிட்டால் நான் நன்றிகெட்டவனாவேன். வெள்ளத்தில் படகு கொண்டுவந்து ஜனங்களைத் தூக்கிப் போனவர்களில் கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் இருந்தார்கள். பிழைப்புக்கு வைத்திருந்த படகையே தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். இன்னொரு சாரார், வெள்ளம் வடிந்தபின் சென்னையின் குப்பையை அள்ளுவதற்கு வெளியூர் நகரசபைகளிலிருந்து லாரிகளில் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அனேகம் பேருக்குக் கையுறை கிடையாது, காலுக்குப் பூட்ஸ் கிடையாது. அழுகிய மெத்தையையும் செத்த மாட்டையும் வெறுங்கையால் தூக்கினார்கள். பிஸ்கட் கொடுத்தவனைத் தொண்டன் என்று பத்திரிகைகள் போட்டோ போட்டன. நம் மலத்தை அள்ளினவனைக் கூலிக்காரன் என்று சொல்லிவிட்டோம். ஒருநாள் விளக்குமாறு பிடித்தால் தொண்டு, தலைமுறை தலைமுறையாய்ப் பிடித்தால் ஜாதித் தொழில்! இந்த நியாயத்தை எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது?

கப்பல்காரர் நடத்திய தொண்டு

இந்த ஒருநாள் தொண்டு நம் வாலிபர்கள் புதிதாய்க் கண்டுபிடித்த காரியமல்ல. மேனாட்டில் அதை ஒரு வியாபாரமாகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னிவல் என்று பெரிய கப்பல் கம்பெனி ஒன்று இருக்கிறது. அது 2016-ல் ஃபேதம் என்ற பெயரால், அடோனியா என்னும் கப்பலை மியாமியிலிருந்து கரீபியக் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசுக்கு ஓட்டியது. கப்பலில் சுமார் 700 பேர் ஏறலாம். ஆட்டபாட்டத்துக்குப் பதிலாகத் தொண்டு செய்வதுதான் அந்தப் பிரயாணத்தின் விசேஷம் என்று விளம்பரம். புவேர்ட்டோ பிளாட்டா என்ற ஊர்ப்பக்கம் இறங்கி, மண்தரை வீடுகளுக்குச் சிமிட்டித் தரை போட்டார்கள், தண்ணீர் வடிகட்டும் மண்பாண்டம் செய்தார்கள், மரக்கன்று நட்டார்கள், பெண்கள் சேர்ந்து நடத்தும் சாக்லேட் தொழிற்சாலையில் கூட உட்கார்ந்து வேலை செய்தார்கள், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதில் நல்லது இல்லை என்று நான் சொல்லவில்லை. மண்தரை வீட்டில் தவழுகிற குழந்தைக்குச் சிமிட்டித் தரை பெரிய காரியம். கப்பல் போன பின்னும் தரை அங்கேயே இருக்கும், வடிகட்டியும் இருக்கும். ஆனால் இங்கிலீஷ் பாடத்தை யோசித்துப் பாருங்கள். கப்பலுக்குக் கப்பல் வாத்தியார் மாறினால் பிள்ளை என்ன படிக்கும்? வருகிறவர் ஒவ்வொருவரும் முதல் எழுத்திலிருந்தல்லவா தொடங்குவார்? அவருக்கு அது வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொள்ளத்தக்க அனுபவம். பிள்ளைக்கோ அதே முதல் எழுத்து. இன்னொன்று: சிமிட்டித் தரை போடத் தெரிந்த கொத்தனார் அந்த ஊரில் இல்லாமலா போனார்? பணம் கட்டி வந்து அரைகுறையாய்க் கரண்டி பிடிக்கிறவன், அந்தப் பணத்தில் ஒரு பங்கை அந்தக் கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் எத்தனை தரை போட்டிருக்கலாம்?

அந்தப் பிரயாணம் எத்தனை நாள் நடந்தது தெரியுமா? 2017-ல் நின்றுபோயிற்று. ஒரு வருஷத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கப்பல் பழையபடி இங்கிலாந்துப் பக்கத்து உல்லாசப் பிரயாணத்துக்குப் போய்விட்டது. கம்பெனியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வியாபாரி லாபம் பார்ப்பான், கட்டாவிட்டால் கடையைக் கட்டுவான். ஆனால் ஏழையின் பள்ளிக்கூடமும் குடிதண்ணீரும் வேறொருவனுடைய பிரயாணச் சீட்டு விற்பனையை நம்பி இருந்தால், சீட்டு விற்காத அன்றைக்கு அவன் கதி என்ன என்பதுதான் என் கேள்வி.

அதே கடலில் ஹெய்ட்டி என்று ஒரு நாடு. அங்கே லபாடி என்ற கடற்கரையை ராயல் கரீபியன் என்ற கம்பெனி 1986 முதல் வாடகைக்கு வாங்கி, வேலிபோட்டு, தன் பிரயாணிகளுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தது. 2010 ஜனவரி 12-ந் தேதி அந்த நாட்டில் பூகம்பம் வந்து லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். மூன்று நாள் கழித்து உல்லாசக் கப்பல் வந்து நின்றது. சாப்பாட்டுச் சாமான்களையும் இறக்கினார்கள், பிரயாணிகள் குளிக்கவும் இறங்கினார்கள். இது அக்கிரமம் என்றார்கள் சிலர். கப்பல் வராவிட்டால் அந்தக் கடற்கரையில் வேலை செய்கிற ஹெய்ட்டிக்காரன் வயிற்றிலும் மண் விழுமே என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் வாஸ்தவம் உண்டு. ஆனால் இரண்டு கட்சிக்காரரும் வேலியைப்பற்றி அதிகம் பேசவில்லை. தன் நாட்டுக் கடற்கரையில் தான் இறங்க உத்தரவில்லாதவன் நிலைமையில் இருந்து யோசித்தால்தான் அது புரியும். இந்த ஊரில் எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தக் குளத்தில் யார் இறங்கலாம் என்று சட்டம் போட்டிருந்ததை அனுபவித்த நமக்கு வேலியைப்பற்றிப் பாடம் வேண்டியதில்லை.

அந்தக் கடலில் நம்மவர்

கரீபியக் கடல் நமக்கு அந்நியமென்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தீவுகளிலே மார்ட்டினிக், குவாதலூப் என்று பிரெஞ்சுக்காரருடைய தீவுகள் இரண்டு உண்டு. 1848-ல் அடிமைத்தனத்தை எடுத்துவிட்டதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பற்றாமல் போய்விட்டது. உடனே புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். 1853-ல் ஒரெலி என்ற கப்பல் நம் ஜனங்களை முதன்முதல் மார்ட்டினிக்கில் இறக்கிற்று. அடுத்த வருஷமே அதே கப்பல் குவாதலூப்பிலும் இறக்கிற்று. பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாகப் பல்லாயிரம் பேரை ஏற்றிப்போய்க்கொண்டே இருந்தார்கள். ஒப்பந்தக் கூலி என்பது பெயர். அடிமைக்குச் சொன்ன வேலையே இவர்களுக்கும்.

அவர்களுக்கும் அந்தக் காலத்தில் நன்மை செய்ய வந்தவர்கள் இருந்திருப்பார்கள். கஞ்சி ஊற்றியிருப்பார்கள், துணி கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் நிலைமை மாறியது எதனால்? குவாதலூப்பில் சிதம்பரம் என்ற குடும்பத்தில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் வழக்குக்குக் கிளம்பினார். இங்கே பிறந்த இந்தியர் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிகள்தான், எங்களுக்கும் வாக்குரிமை உண்டு என்பது அவர் வாதம். சுமார் இருபது வருஷம் விடாமல் போராடினார். 1923-ல் அந்த உரிமை கிடைத்தது. அவர் கேட்டது சலுகையல்ல, உரிமை. இன்றைக்கு நம் ஊர்ப் பணக்காரர் ஒருவர் உல்லாசக் கப்பலில் அந்தத் தீவில் இறங்கிப் பழைய சட்டை கொடுக்கப் போனால், அதை வாங்க மறுத்து, "ஐயா, என் பாட்டன் பெயர் ராமசாமி. அவன் எந்த ஊரிலிருந்து வந்தான் என்று விசாரித்துச் சொல்லமுடியுமா?" என்று கேட்கக்கூடிய மனிதன் அங்கே இருப்பான். அந்த விசாரணையைச் செய்து கொடுப்பதல்லவா தொண்டு?

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

இப்போது நம் வாலிபர்கள் போகிற இடத்துக்கு வருவோம். 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று காங்கேசன்துறையில் போய் நின்றது. அதே வருஷம் அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்தும் பிரயாணிக் கப்பல் விட்டார்கள். ஆகையால் நம்மவர் அங்கே இறங்குவது இனி அதிசயமல்ல. ஆனால் இறங்குகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு இறங்கவேண்டாமா? காங்கேசன்துறையைச் சுற்றிய கிராமங்களிலிருந்து 1990 வாக்கில் ஜனங்கள் கிளப்பப்பட்டார்கள். நிலம் ராணுவத்தார் கைக்குப் போயிற்று. யுத்தம் 2009-ல் முடிந்த பிறகும் பகுதி பகுதியாகத்தான் திரும்பிக் கிடைத்தது. அங்கே இருந்த பெரிய சிமிட்டி ஆலையும் 1990-ல் நின்றதுதான். ஆகவே அங்கே உள்ளவன் ஏழையாயிருப்பது அவன் தலையெழுத்துமல்ல, பூர்வ ஜன்ம பாவமுமல்ல. அதற்குத் தேதி இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கப் போவது, கால் ஒடிந்தவனுக்கு விசிறி வீசுவதைப் போலத்தான்.

புத்தகம் என்றதும் இன்னொன்று. நீங்கள் புத்தகம் கொண்டுபோகிற யாழ்ப்பாணத்தில், 1981-ல் கொளுத்தப்பட்ட நூல்நிலையத்தில் சுமார் 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் இருந்தன. படிப்பிலே அவர்கள் நமக்குச் சளைத்தவர்களல்ல. நோட்டுப் புத்தகம் இல்லாத ஜனங்கள் என்று நீங்களாகவே எப்படித் தீர்மானித்தீர்கள்? முன்கூட்டி ஒரு கடிதம் எழுதி, அங்குள்ள வாசகசாலைக்காரரையோ பள்ளிக்கூடத்து வாத்தியாரையோ "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டீர்களா? கேட்கவில்லை என்று உங்கள் முகமே சொல்லுகிறது.

"அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே மேல் என்கிறீரா?" என்று முன்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. நான் அப்படிச் சொல்லவில்லை. சும்மா இருக்கிறவன் என்னைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கிழிந்த சேலை கொடுத்தவரைவிட, வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தவர் எந்தவிதத்திலும் உயர்ந்தவரல்ல. நான் சொல்லுவது, செய்கிற காரியத்தை அறிவோடு செய்யுங்கள் என்பதே. போகுமுன் கேளுங்கள். அந்த ஊர்க்காரன் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். அங்கே தையற்காரனும் கடைக்காரனும் இருக்கும்போது இங்கிருந்து பழந்துணி மூட்டை எதற்கு? அவனிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள், அதுவே பாதித் தொண்டு. போட்டோ எடுக்காதீர்கள். எடுத்தால், உங்கள் தாயாரை அந்த நிலையில் எடுக்கவிடுவீர்களா என்று கேட்டுக்கொண்டு எடுங்கள். திரும்பி வந்த பிறகும் தொடரக்கூடிய காரியமாகப் பாருங்கள். ஒருநாளில் செய்யக்கூடிய பெரிய தொண்டு ஒன்றே ஒன்றுதான். அது அடுத்த மனிதன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது.

நாம் ஏன் இதில் தவறிப்போகிறோம் என்றால், நமக்குத் தொண்டு என்றாலே தர்மம், தர்மம் என்றாலே புண்ணியம் என்று சொல்லிவைத்துவிட்டார்கள். கொடுத்தால் எனக்கு மேலே கணக்கு எழுதப்படுகிறது என்றால், வாங்குகிறவன் என் கணக்குக்கு வேண்டிய சாமான் ஆகிவிடுகிறான். அவன் என்றைக்கும் ஏழையாகவே இருந்தால்தானே எனக்குப் புண்ணியம் கிடைத்துக்கொண்டேயிருக்கும்? இப்பொழுது மோட்சத்துக்குப் பதில் போட்டோ வந்திருக்கிறது. கணக்கு மாறவில்லை.

நம் ஊரிலேயே பார்க்கலாம்

தூரத்தில் போய்ப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் பாருங்கள். தினமும் ரயிலில் சானடோரியம் என்று ஒரு நிலையத்தைத் தாண்டிப் போகிறீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது? டாக்டர் சவுரிமுத்து என்பவர் இங்கிலாந்திலே க்ஷயரோக ஆஸ்பத்திரி நடத்திப் பெயரெடுத்தவர். கணித மேதை ராமானுஜம் அங்கே நோயாய்க் கிடந்தபோது அவருடைய ஆஸ்பத்திரியிலும் சில காலம் இருந்தார். அந்த டாக்டர் 1928-ல் இங்கே வந்து க்ஷயரோகிகளுக்கு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். 1937-ல் அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பிறகு 1993-ல் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே மற்ற இடங்களில் அஞ்சியபோது அவர்களைச் சேர்த்துக்கொண்டதும் அதே ஆஸ்பத்திரிதான். ஆரம்பித்தவர் போய்விட்டார், ஆஸ்பத்திரி நிற்கிறது. நிலைத்த தொண்டு என்பது அது.

சிட்லபாக்கத்து ஜனங்கள் 2019-ல் ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கள் ஏரியில் தாங்களே இறங்கிக் குப்பை வாரினார்கள். வாரியதோடு நிற்கவில்லை. ஏரியைச் சீர்செய்ய வேண்டியது உங்கள் கடமை என்று அரசாங்கத்தையும் கேட்டார்கள், கேட்டு வாங்கினார்கள். ஆகாயத்திலிருந்து யாரும் வந்து செய்யவில்லை. ஆனால் நம் பக்கம் மழைக் கஷ்டம் தீர்ந்துவிட்டதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மறுபடி தண்ணீர். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர் பெரிதாயிற்று, தண்ணீருக்கு அது தெரியவில்லை. ஏரி வழியில் மனை போட்டு விற்றது யார், அதற்கு அனுமதி கொடுத்தது யார், வாங்கிய நாம் ஏன் கேட்கவில்லை என்று விசாரிப்பது பிஸ்கட் கொடுப்பதைவிடக் கஷ்டமான தொண்டு. போட்டோவுக்கும் அது லாயக்கில்லை. ஆனாலும் வெள்ளம் வடிந்த பிறகு செய்கிற ஆயிரம் தொண்டைவிட, வெள்ளம் வராமல் செய்கிற ஒரு தொண்டு மேல்.

ஆகவே வாலிபத் தோழர்களே! தாராளமாய்ப் போய்வாருங்கள். மூட்டைகளை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். அதிலுள்ள நல்ல துணிகள் நம் ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடப்பவர்களுக்கு உதவுமா என்று நாளைக்கு நாம் இருவர் போய்க் கேட்போம். வேண்டாம் என்றால் கொடுக்கவேண்டாம். நீங்கள் அங்கே போய் ஒருநாள் அந்த ஜனங்களோடு உட்காருங்கள். அவர்கள் கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டியது என்ன என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். வந்ததும் இதே இடத்தில் ஒரு கூட்டம் போட்டு, நீங்கள் கொடுத்ததைப்பற்றி அல்ல, வாங்கி வந்ததைப்பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.